காப்பிக் களத்தில் ஒரு பிலிம் சுருள்

மஞ்சக்குட்டை கிராமத்தில் பொன்னுசாமி வீட்டுக் களம். தார்ப்பாயில் காப்பிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. அதன் ஓரமாக, கொட்டை படாமல் ஒதுக்கிய இடத்தில், ஏறக்குறைய என் உயரத்துக்கு ஒரு நாடா நீட்டிப் படுத்திருந்தது. சுருண்டுகொள்ளாமல் இருக்க, சாணுக்கு ஒரு கூழாங்கல் வைத்திருந்தார்கள். கற்கள் எல்லாம் ஒரே அளவு. தேடிப் பொறுக்கியிருக்க வேண்டும்.

காலை ஒன்பது மணி இருக்கும். பனி விலகி, வெயில் சுள்ளென்று விழுந்துகொண்டிருந்தது. நாடாவின் நிறம் பழுப்பா ஊதாவா என்று சொல்ல முடியவில்லை. ஒரு முனையில் அதன் சின்னத் தகர உருளை, தாயின் கையை விடாத குழந்தை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

பொன்னுசாமியின் மனைவி அலமேலு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"வாங்க சாருங்க. இப்பத்தான் ரெண்டாந்தடவ திருப்பிப் போட்டேன். துளி ஈரம் இல்லீங்க. தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்த்தேன். உண்மைதான். துளி ஈரம் இல்லை. துளிப் படமும் இல்லை.

இருபத்தைந்து வயதுக்குக் கீழே உள்ள வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பிலிம் என்பது இருட்டில் பிறந்து இருட்டில் வளர்கிற பொருள். கேமரா கண் சிமிட்டும் நேரத்துக்கு மட்டும் அதற்கு வெளிச்சம் காட்டலாம். அதன் பிறகு, மருந்தில் கழுவி முடிக்கும் வரை, ஒரு தீக்குச்சி வெளிச்சம்கூட ஆகாது. வெயிலில் கிடந்த பிலிமில் என்ன இருக்கும் என்று கேட்டால், வெயில் இருக்கும்.

ஏன் இன்னும் பிலிம்

போன வாரம் நான் ஓய்வு பெற்ற கதையை எழுதியதற்கு ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். 'முப்பத்தைந்து வருடம் பத்திரப் பதிவில் இருந்தவர் ஏற்காட்டில் போட்டோ எடுத்துப் பிழைக்கிறீர்களாமே, அதுவும் பழைய பிலிம் கேமராவில். டிஜிட்டல் கற்றுக்கொள்ள முடியவில்லையா?' என்று கேட்டிருந்தார்.

முடிந்தது ஐயா. மகன் ஒன்று வாங்கிக் கொடுத்தான். அதன் கையேடு பாகப்பிரிவினைப் பத்திரத்தைவிட நீளம். முழுக்கப் படித்தேன். படித்த ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன். ஒரு நாள் லேடீஸ் சீட் காட்சிமுனைப் பக்கம் நின்று மேகத்தை எடுத்தேன். நானூறு படம். வீட்டுக்கு வந்து நானூறையும் பார்த்தபோது, நான் மேகத்தைப் பார்க்கவே இல்லை என்பது தெரிந்தது.

என் இரண்டு பழைய கேமராக்களும் அலுவலகக் காலத்தில் பழையதாகவே வாங்கியவை. பேட்டரி வேண்டாம். முழுக்க இரும்பும் பல்சக்கரமும். ஒரு சுருளுக்கு முப்பத்தாறு வாய்ப்பு. அதற்கு மேல் அரசாணை இல்லை. ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும், 'இது வேண்டுமா?' என்று ஒரு கணம் யோசிக்க வைக்கிற அதிகாரி உள்ளே உட்கார்ந்திருக்கிறார். என்னைப் போன்றவர். அதனால்தான் ஒத்துப்போகிறது.

வேலை தானாக வந்தது. ஏற்காடு ஒண்டிக்கடைப் பகுதியில் ஒரு மளிகைக்காரர் குடும்பத்தைப் படம் எடுத்துக் கொடுத்தேன். அதை அவர் கல்லாவுக்கு மேலே மாட்டினார். அதைப் பார்த்து ஒருவர், அவர் வீட்டில் பார்த்து இன்னொருவர். 'படம் எப்ப வருங்க?' என்று கேட்பார்கள். 'மூன்று வாரம்' என்பேன். சுருள் மலை இறங்கி, சேலத்தில் கூரியர் ஏறி, பெரிய நகரத்துக்குப் போய்க் கழுவப்பட்டுத் திரும்ப வேண்டும். அலுவலகத்தில் மூன்று வாரம் என்று சொன்னால் முறைத்த அதே ஜனம், இப்போது ஆசையாகத் தலையாட்டுகிறது. பணியில் இருந்தபோது இதைக் கண்டுபிடிக்காமல் போய்விட்டேன்.

ஒவ்வொரு சுருளுக்கும் பதிவேட்டில் ஒரு பக்கம். சுருள் எண், பட எண், யார் யார், என்ன வெளிச்சம். 'கல்யாணத்துக்குக்கூட ரிஜிஸ்டரா' என்று என் மனைவி சிரிப்பாள். கல்யாணத்துக்குத்தான் ரிஜிஸ்டர் என்பேன்.

இந்த மலையில் கேமராவுக்குப் பெரிய பகை ஈரம். மூன்று மாதம் கவனிக்காமல் விட்டால் லென்ஸுக்குள் பூஞ்சை வேர் விட்டுவிடும். என் கேமராக்கள் ஒரு மரப்பெட்டியில், சின்ன பல்பு எரிகிற வெதுவெதுப்பில் குடியிருக்கின்றன. மார்கழியில் நான் போர்வைக்குள் நடுங்கும்போது அவை என்னைவிடச் சுகமாக இருக்கும்.

ஈரத்தைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும். வம்பே அதில்தான் வந்தது.

முறத்தில் போன்கள்

கடந்த தை மாதம் மஞ்சக்குட்டையில் கோவிந்தன் மகள் சுகந்திக்குக் கல்யாணம். சுகந்தி சேலத்தில் நர்ஸ். மளிகைக்கடைப் படத்தைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்கே வந்தாள்.

"எனக்கு ஆல்பம் எல்லாம் பெருசா வேண்டாங்க சார். ஒரே ஒரு படம் வேணும். நடுவுல நான், ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் பெரியப்பா."

"இதிலென்ன கஷ்டம்?"

"அவங்க ரெண்டு பேரும் பேசி ஒம்பது வருஷம் ஆச்சுங்க."

பெரியப்பாதான் பொன்னுசாமி. இரண்டு வீட்டுக்கும் நடுவே இருநூறு அடிதான் இருக்கும். அந்த இருநூறு அடியில் ஒரு வழி. காப்பித் தோட்டத்துக்கு ஜீப் போகிற வழி. அது யாருடையது என்பதில்தான் தகராறு. வழியை முள் வெட்டிப்போட்டு அடைத்திருந்தார்கள்.

"சின்னதுல, பனியில டார்ச் அடிச்சுக்கிட்டு என்னை ஸ்கூல் பஸ் ஏத்திவிட்டது பெரியப்பாதானுங்க சார்" என்றாள் சுகந்தி. "அப்பா விடியறதுக்குள்ள வேலைக்குப் போயிருவாரு."

அவள் போன பிறகு, பெயர்களை மனதுக்குள் திருப்பிப் பார்த்தேன். கோவிந்தன், பொன்னுசாமி, மஞ்சக்குட்டை. அண்ணன் தம்பி இருவரின் பாகப்பிரிவினை, பணியில் இருந்தபோது என் மேசைக்கு வந்த பத்திரம். நான்கு எல்லையும் சரி, சாட்சி சரி, கைரேகை சரி. வழியைப் பற்றி ஒரு வரி இல்லை. கவனித்தேன். கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று விதி இல்லை. முத்திரை குத்தி, 'அடுத்தது' என்றேன்.

கல்யாணத்தன்று ஒரு முறத்தைக் கேட்டு வாங்கினேன். இது என் வழக்கம். முக்கியமான படத்துக்கு முன்னால் எல்லாருடைய போனும் முறத்துக்கு வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஆளுக்கொரு போனைப் பார்த்து நிற்பார்கள். படத்தில் பத்துப் பேர் பத்துத் திசையில் இருப்பார்கள்.

"ஏனுங்க சாருங்க, மாப்பிள்ளை போனுமா?" என்றார் கோவிந்தன்.

"மாப்பிள்ளை போன் முதலில்."

முறம் நிறைந்தது. ஒரு கிழவர் மூக்குக் கண்ணாடியையும் கழற்றிப் போட்டார். கேட்டதற்கு, "எல்லாரும் போட்டாங்க, நானும் போட்டேன்" என்றார்.

முப்பத்தாறாவது படம்

பொன்னுசாமி வந்தார். சுற்றுவழியில், தனியாக. பந்தலுக்கு வெளியே வாழைமரத்தை ஒட்டி நின்றார். 'சாப்பிட வாங்க' என்று யாரோ கூப்பிட்டார்கள். "இருக்கட்டும்" என்றார். கை நனைப்பதாக இல்லை.

சுகந்தி மணக்கோலத்தோடு எழுந்து போய் அவர் கையைப் பிடித்தாள். அவர் கையை உதறவில்லை. மெதுவாக வந்து நின்றார். அவள் மறு கையால் அப்பாவை இழுத்தாள். அண்ணன் தெற்கே பார்த்தார், தம்பி வடக்கே பார்த்தார். நடுவில் அவள் மட்டும் என்னைப் பார்த்தாள்.

கேமராவில் மீதி ஒரே ஒரு படம். முப்பத்தாறாவது. இன்னொரு சுருள் போட ஒரு நிமிடம் பிடிக்கும். பொன்னுசாமி ஒரு நிமிடம் நிற்க மாட்டார்.

மூச்சைப் பிடித்து அழுத்தினேன். 'டக்.' பொன்னுசாமி திரும்பி நடந்துவிட்டார்.

சுகந்தி வாயைத் திறக்காமல், 'விழுந்துச்சுங்களா?' என்று கண்ணால் கேட்டாள். தலையாட்டினேன்.

சுருளை உருளைக்குள் சுற்றினேன். பதிவேட்டில் எழுதினேன். முதல் இரண்டு சுருள்களும் டப்பாவில் பத்திரமாக இருந்தன. மூன்றாவதன் டப்பா மூடி எங்கோ உருண்டுபோயிருந்தது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அதுதான் நான் செய்த முதல் விதிமீறல்.

ஈரத்தைப் பற்றி ஒரு சொற்பொழிவு

மூன்று மணிக்குக் கிளம்பினேன். பொன்னுசாமி வீட்டைத் தாண்டும்போது, தை மாதத்தில் பெய்யக்கூடாத மழை பெய்தது. களத்தில் அவரும் அலமேலுவும் காப்பிக்கொட்டை மேல் தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு முனை காற்றில் அடித்தது. பையைத் தாழ்வாரத்தில் எறிந்துவிட்டு ஓடிப்போய் அந்த முனையைப் பிடித்தேன்.

கொட்டை தப்பித்தது. நான் தொப்பலாக நனைந்தேன். சட்டைப்பையில் இருந்த சுருளும்.

பொன்னுசாமியின் சட்டை எனக்குக் கிடைத்தது. சூடாகக் கடுங்காப்பியும் கிடைத்தது. அலமேலு என் பையைத் துடைக்கும்போது, உள்ளே இருந்த சின்னச் சின்னப் பொட்டலங்களைப் பார்த்து, "இது என்னங்க?" என்றார்.

கேட்டிருக்கக் கூடாது. ஈரத்தை உறிஞ்சும் பொட்டலம் என்று ஆரம்பித்தேன். லென்ஸில் பூஞ்சை எப்படி வேர் விடும், பல்பு எத்தனை நேரம் எரிய வேண்டும், பிலிம் ஈரத்தில் ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று பன்னிரண்டு விதிகளை வரிசையாகச் சொன்னேன். இவரைவிட நல்ல மாணவி எனக்கு வாய்த்ததில்லை. தலையாட்டலே தனி.

"எங்க காப்பிக்கும் அதே கதைதானுங்க" என்றார் அலமேலு. "உள்ள ஈரம் நின்னுச்சுன்னா பூசணம் புடிச்சிரும். மேல காஞ்சாப்புல இருக்கும். பல்லுல கடிச்சாத்தான் தெரியும்."

நனைந்த சுருளை அவர் கையில் கொடுத்தேன். "இதில்தான் சுகந்தி கேட்ட படம் இருக்கிறது. ஈரம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறேன்."

"நீங்க நிம்மதியாப் போங்க சாருங்க. நான் பாத்துக்கறேன்."

மழை விடாததால் பையையும் அங்கேயே விட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் பைக்கில் ஏறி வந்துவிட்டேன். வழியெல்லாம் மனம் நிறைந்திருந்தது. பன்னிரண்டு விதி சொன்னேன் அல்லவா. வெளிச்சம் படக்கூடாது என்பது அதில் இல்லை. அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று நினைத்ததால்கூட இல்லை. நினைவுக்கே வரவில்லை.

இன்னொன்று. சுருளின் நாக்கை, அதாவது பிலிமின் நுனியை, நான் எப்போதும் கொஞ்சம் வெளியே விட்டுவைப்பேன். கழுவுகிறவர்களுக்குச் சௌகரியம். அலமேலுவுக்கும் சௌகரியமாகப் போயிற்று.

விளக்கக் கடிதம்

மறுநாள் காலை, களத்தில் என் முகத்தைப் பார்த்ததும் அலமேலுவின் கை முந்தானையிலேயே நின்றுவிட்டது.

"ஏனுங்க, தப்பாப் போச்சுங்களா?"

சொன்னேன். எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாக. அப்படியே தார்ப்பாய் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தப் புள்ள கேட்ட படமுங்களே."

"ஆமாம்."

"அவ என்ன கேட்டா? நகையா கேட்டா? நான் வேணும்னே பண்ணிப்போட்டேன்னுதான சாருங்க சொல்லுவாங்க? ஒம்பது வருஷத்துக்கப்பறம் அந்த மனுஷன் போயி நின்னாரே..."

பொன்னுசாமி வாசலில் வந்து நின்றார். எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். குனிந்து, கற்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தார். நாடா தானாகச் சுருண்டுகொண்டது.

"தவறு என்னுடையது" என்றேன். "நான் போய்ச் சொல்லிக்கொள்கிறேன். உங்கள் பெயர் வராது."

அன்று மறுவீட்டு விருந்து. மணமக்கள் கோவிந்தன் வீட்டில் இருந்தார்கள். சுற்றுவழியில் நடந்தேன். கால் மணி நேர நடை. விளக்கக் கடிதம் எழுதுவதில் நான் கைதேர்ந்தவன். 'தவிர்க்க முடியாத காரணங்களால்' என்று ஒரு வகை. 'தொழில்நுட்பக் கோளாறு காரணமாக' என்று ஒரு வகை. 'கவனத்துக்குக் கொண்டுவரப்படாததால்' என்பது என் சொந்தச் சரக்கு. பாதி தூரம் போவதற்குள் மூன்றையும் எழுதி மூன்றையும் கிழித்தேன்.

பந்தலை இன்னும் பிரிக்கவில்லை. சுகந்தி புதுத் தாலியோடு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணு, அந்தப் படம் போய்விட்டது" என்றேன். "வெளிச்சம் பட்டுவிட்டது. என் தவறு."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயத்தின் மேல் பழி போடுகிற தாட்சண்யம் அவளுக்கு இருந்தது.

கோவிந்தனுக்கு அந்தத் தாட்சண்யம் இல்லை. "ஏனுங்க சாருங்க! அத்தன சட்டம் பேசுனீங்களே! முறத்துல போனப் போடு, அங்க நில்லு, இங்க நில்லுன்னு! ஒரு போன உட்டிருந்தாக்கூட அந்தப் படம் இருந்திருக்குமே!"

சரியான வாதம்.

"எப்படிங்க வெளிச்சம் பட்டுச்சு?" என்றார்.

வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னால் குரல் கேட்டது.

"நான்தான் தம்பி."

அலமேலு. சுருண்ட நாடா கையில் இருந்தது. அவருக்குப் பின்னால், ஐந்தடி தள்ளி, பொன்னுசாமி. எனக்குப் பின்னால் கிளம்பியவர்கள் எப்படி இவ்வளவு சீக்கிரம் வந்தார்கள் என்று எனக்குப் புரியவில்லை. அலமேலுவின் புடவை ஓரத்தில் இரண்டு முள் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

"சாரு மேல தப்பில்ல. நனைஞ்சிருந்துச்சு. கெட்டுப்போயிருமேன்னு இழுத்து உட்டுக் காய வெச்சேன்."

ஒரு வெயில்

கோவிந்தனின் முகம் இறுகியதைப் பார்த்தேன். இன்னும் ஒன்பது வருடம் என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது.

சுகந்திதான் கேட்டாள். "எங்க பெரியம்மா காய வெச்சீங்க?"

"களத்துலதான் சாமி. காப்பியோட."

"காப்பியோடயா?"

"ஓரமாத்தான். கல்லு வெச்சேன், சுருளாம இருக்க. ரெண்டு தடவ திருப்பிப் போட்டேன். நொம்பப் பதனமாத்தான் பாத்தேன் சாமி."

மாப்பிள்ளை எழுந்து உள்ளே போனார். சிரிப்பை வைத்துக்கொள்ள அவருக்கு வேறு இடம் இல்லை. கோவிந்தன் அண்ணியின் கையில் இருந்த நாடாவை வாங்கினார். காப்பிக்காரர் அல்லவா, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

"எத்தன வெயிலு?" என்றார், நாடாவைப் பார்த்துக்கொண்டே, காப்பிக்கு எத்தனை பகல் காய்ந்தது என்று கேட்பது போல.

கேள்வி யாருக்கு என்று தெரியவில்லை. ஐந்தடிக்கு அப்பாலிருந்து பதில் வந்தது.

"ஒரு வெயிலு கூட ஆகல. காலையில இருந்துதான்."

"பனி ஈரம் இருந்திருக்குமே?"

"பனி போனப்பறந்தான் போட்டோம். எனக்குத் தெரியாதா?"

"இல்ல, கேட்டேன்."

"கேளு. யாரு வேண்டாங்கறா."

சுகந்தி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். ஒன்பது வருடத்துக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் பேசிய முதல் பேச்சு, ஒரு பிலிம் சுருள் எவ்வளவு நன்றாகக் காய்ந்திருக்கிறது என்பது பற்றி. அந்த நேரத்தில் மூச்சு விடக்கூட எனக்குப் பயம்.

பயந்தது சரி. இருவரும் ஒன்றாக என் பக்கம் திரும்பினார்கள்.

"ஏனுங்க, வெளிச்சம் ஆகாதுன்னு ஒரு வார்த்த சொன்னா என்னங்க?" என்றார் பொன்னுசாமி.

"அதக் கேளுண்ணா!" என்றார் கோவிந்தன். "ஈரம் ஈரம்னு ஊரெல்லாம் சொல்லத் தெரிஞ்சுது!"

"பத்திரத்துலயும் அப்படித்தான். வழியப் பத்தி ஒரு வார்த்த கேட்டாரா இவரு?"

"அன்னைக்கு இவருதானா அது?"

"இவரேதான். மூக்கு நுனியில கண்ணாடி. நான் அப்பவே பாத்தேன்."

முப்பத்தைந்து வருட சேவையில் இவ்வளவு ஒற்றுமையாக என்னை யாரும் திட்டியதில்லை. தலையைக் குனிந்து நின்று வாங்கிக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் நன்றியாகத்தான் இருக்கிறது.

திட்டி முடித்ததும் பந்தியில் இலை போட்டார்கள். "கை கழுவிட்டு வாண்ணா" என்றார் கோவிந்தன். பொன்னுசாமி கை கழுவிக்கொண்டு வந்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு புதுச் சுருள் போட்டேன். இந்தத் தடவை முப்பத்தாறும் பாக்கி. சுகந்தி நடுவில். ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் பெரியப்பா. பழைய படத்தில் இல்லாத ஒருவரை அவளே இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நிறுத்தினாள். அலமேலு வெட்கப்பட்டு, "நான் எதுக்கு சாமி, நான்தான் கெடுத்தவ" என்றார். "அதுக்குத்தான்" என்றாள் சுகந்தி.

மூன்று வாரம் கழித்துப் படம் வந்தது. அண்ணனும் தம்பியும் தெற்கும் பார்க்கவில்லை, வடக்கும் பார்க்கவில்லை. இருவரும் என்னை முறைக்கிறார்கள். ஒரே மாதிரி முறைப்பு. பார்த்தவுடன் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று சொல்லிவிடலாம்.

வழித் தகராறு இன்னும் தீரவில்லை. ஆனால் இப்போது அதைப் பேசிச் சண்டை போடுகிறார்கள். முள்ளை மறுபடி வைத்தார்களா என்று நான் கேட்கவில்லை. போன மாதம் அந்தப் பக்கம் ஒரு வேலைக்குப் போனபோது நான் ஏறிய வாடகை ஜீப் அந்த வழியிலேயே நேராகப் போனது.

காய்ந்த சுருள் என்னிடம்தான் இருக்கிறது, கேமராப் பெட்டியில், பல்பு வெதுவெதுப்பில். இதைக் கழுவிப் பிரயோசனம் இல்லை என்று தெரிந்தும் எறிய மனம் வரவில்லை. பதிவேட்டில் அதற்கும் ஒரு வரி உண்டு. நிலை என்ற இடத்தில் 'சேதம்' என்று எழுதப் போனேன். விதிப்படி அப்படித்தான் எழுத வேண்டும். வேறு விதமாக எழுதினேன்.

'சுருள் 3. முறைப்படி உலர்த்தப்பட்டது.'